வண்டிக்கொட்டகையும் அதுக்கு மேல ஒரு பரணும்

ரெண்டு மாசமா வீட்டுல இதே பஞ்சாயத்து தான். வேடசந்தூர்ல தாத்தா வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய வண்டிக்கொட்டகை இருக்கு. அதை இடிக்கறதா, வச்சுக்கறதா? எனக்கு வேணும்கறது ரொம்பச் சின்ன விஷயம்ங்க. கீழ அப்பாவோட அம்பாசடர் நிக்கணும். மேல எனக்கு ஒரு பட்டறை வேணும். இழைப்புளி, உளி, வைஸ், பிரிச்சுப் போட்ட ரெண்டு மூணு வால்வு ரேடியோ, இதையெல்லாம் பரப்பி வச்சா யாரும் "எடுத்து ஓரமா வைடா"ன்னு சொல்லாத ஒரு இடம்.

கொத்தனார் ஒரு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். "இடிச்சிட்டு நாலு தூண் எழுப்பி கான்கிரீட் போட்டு ஷட்டர் மாட்டிருவோம் தம்பி, மேல ஒரு ரூம் போட்டுக்கங்க." பெரியப்பா அதுக்கு மேல. "ஏண்டா, காருக்கு மேல உக்காந்து என்னத்தடா தட்டப் போற? ஊரு உலகத்துல எவனாச்சும் அப்படிக் கட்டுவானா?"

ஊரு உலகத்துல கட்டியிருக்கானான்னு தேடிப் பாத்ததோட விளைவு தான் இந்தப் பதிவு. வீடு கட்டற பதிவுன்னு நினைச்சு ஓடிராதீங்க மக்களே, சரித்திரம் தான் :-)

முதல்ல டேப்பை எடுத்து கொட்டகையை அளந்தேன். உள்ள அகலம் 12 அடி, நீளம் 20 அடி. முன்வாசல் 8 அடி. வீட்டை ஒட்டாம பதினஞ்சு தப்படி தள்ளி, தனியா நிக்குது. மூணு பக்கம் கல்லும் மண்ணும் வச்ச சுவர், மேல பனங்கை, அதுக்கு மேல சீமை ஓடு. தரையில இருந்து எட்டடி உயரத்துல ரெண்டு விட்டம் குறுக்க ஓடுது. பின்பாதியில மட்டும் அதுமேல பலகை அடிச்சிருக்கு. அதான் பரண். கொங்குப் பக்கம் போனா இதையே அட்டாலின்னு சொல்றாங்க. நடுவுல முகட்டுக்குக் கீழ நான் நிமிர்ந்து நிக்கலாம், ரெண்டு ஓரமும் போனா மண்டையில இடிக்கும்.

ஏன் எட்டடின்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். "கூண்டு வண்டி உள்ள போகணும்ல"ன்னார். ஏன் இருபதடி நீளம்? "ஏர்க்கால் நுனி வரைக்கும் வண்டியே பதினாலு அடி வரும். பின்னாடி ஆளு நின்னு வேலை பாக்க வேணாமா?" நான் போய் அம்பாசடரை அளந்தேன். நீளம் பதினாலு அடிக்குச் சொச்சம், அகலம் அஞ்சரை, உயரம் அஞ்சேகால். ஆக, காளை வண்டிக்குக் கட்டின கொட்டகையில கார் அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காருது. அன்னைக்கே எனக்கு இடிக்கற ஆசை பாதி போயிருச்சு.

எங்க ஊர்ல அந்தக் காலத்துல கொஞ்சம் நிலம் இருந்த வீடுகள்ல இப்படி ஒரு கொட்டகை இருந்ததுக்குக் காரணம் இருக்கு. திருச்சியில இருந்து திண்டுக்கல் வழியா மதுரைக்கு ரயில் வந்தது 1875ல. ஆனா கரூர் - திண்டுக்கல் பாதை வந்தது 1988ல தான். நடுவுல நூத்திப் பதிமூணு வருஷம். அத்தனை காலமும் வேடசந்தூர்க்காரனுக்கு ரயில்னா திண்டுக்கல், இருபது கிலோமீட்டர் சொச்சம். பாரம் ஏத்தின காளை வண்டி மணிக்கு மூணு நாலு கிலோமீட்டர் போகும். அப்போ ராத்திரி சாப்பிட்டுட்டு லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டுக் கிளம்பினா விடியக்காலை திண்டுக்கல். மானாவாரி பூமி, மழை கம்மி. சோளம், கம்பு, கடலை, அப்புறம் புகையிலை. புகையிலைக்கு இங்க எவ்வளவு மவுசுன்னா, 1948லயே வேடசந்தூர்ல அதுக்குன்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. ராஜமுந்திரியில இருந்த மத்திய புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தோட கிளையா. வெளையறது எல்லாமே வண்டி ஏறித்தான் போகணும். வண்டி நின்னா வீடே நின்னுச்சு. அதனால வண்டியை வெயில்ல விடமாட்டாங்க. வெயில்ல கிடந்தா மரம் சுருங்கும், இரும்புப் பட்டா சக்கரத்துல இருந்து கழண்டு ஆடும்.

இப்போ பரணுக்கு வர்றேன். அதுல என்ன வச்சிருந்தாங்க? நானும் வைக்கோல்னு தான் நினைச்சேன். பெரியப்பா சிரிக்கறார். மழையே பெய்யாத ஊர்ல தட்டையை எதுக்குப் பரண்ல ஏத்தணும், களத்து ஓரமாப் படப்பாப் போட்டா போதும். பரண்ல கிடந்தது மரம். நாட்டுக்கருவேலம் வெட்டி, துண்டு போட்டு, ஓட்டுக்குக் கீழ அந்தக் காஞ்ச அனல்ல வருஷக்கணக்குல காயவிடுவாங்க. ஆரக்கால் ஒன்னு ஒடிஞ்சா, வட்டையில ஒரு துண்டு போனா, ஆசாரி வருவார். வந்து வெளியில மரம் தேட மாட்டார். பரண்ல ஏறி, தட்டிப் பாத்து, சத்தம் கேட்டு ஒன்னை எடுப்பார். பச்சை மரத்துல ஆரக்கால் செஞ்சா ஒரே கோடையில குடத்துல இருந்து வெளிய வந்துரும். அவரோட பெரிய உளி, வாச்சி, துரப்பணம் எல்லாம் பாதி வருஷம் எங்க பரண்லயே தான் கிடக்கும்னு பெரியப்பா சொன்னார். அதாவது கீழ வண்டி, மேல பட்டறை. நான் கேக்கறதும் அதே தானே? இதைச் சொன்னதும் பெரியப்பா வெத்தலைப் பெட்டியைத் தேடறா மாதிரி உள்ள போயிட்டார் :-)

சரி, ஊரு உலகம். லண்டன்ல பெரிய வீடுகளுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கும், மியூஸ்னு பேரு. கீழ குதிரையும் சாரட்டும். மேல வைக்கோல் பரண், கூடவே சாரட்டு ஓட்டறவர் குடும்பம் குடியிருக்கற அறை. குதிரை போய் மோட்டார் வந்தப்போ கட்டடம் அப்படியே இருந்துச்சு, மேல இருந்தவர் டிரைவர் ஆனார். அவ்வளவு தான். அமெரிக்காவுலயும் இதே கதை, வீட்டுக்குப் பின்னாடி தனியா நின்ன சாரட்டுக் கொட்டகை தான் கார் கொட்டகை ஆச்சு. 'கராஜ்'ங்கற பேரே பிரெஞ்சுல 'பத்திரமா ஒதுக்கி நிறுத்து'ங்கற வினையில இருந்து வந்தது. இங்கிலாந்துல முதல்ல அதை மோட்டார் ஹவுஸ்னு கூட சொல்லிட்டு இருந்தாங்க. நம்மாளுங்க ரெண்டையும் விட்டுட்டு 'கார் ஷெட்'னு முடிச்சிட்டோம்.

ஏன் தனியா? குதிரைக்கு நாத்தம், ஈ. காருக்கு பெட்ரோல். அந்தக் காலத்துல பங்க் எல்லாம் கிடையாது, தகரடின்ல வாங்கி கொட்டகையிலயே அடுக்கி வைப்பாங்க. வெளிச்சத்துக்கு விளக்கோ திறந்த தீ. எந்தப் புத்திசாலி அதைப் படுக்கை அறைக்குப் பக்கத்துல வைப்பான்? வீட்டோட சேத்து கார் கொட்டகை கட்டினது பெரிய புதுமையாப் பேசப்பட்ட காலம் அது. சிகாகோவுல 1910ல முடிஞ்ச ரோபி ஹவுஸ்ல பிராங்க் லாயிட் ரைட் மூணு கார் நிறுத்தற இடத்தை வீட்டோடயே சேத்துக் கட்டினார். அதை இன்னிக்கும் எடுத்துக்காட்டாச் சொல்றாங்கன்னா மத்தவங்க எல்லாம் எங்க கட்டினாங்கன்னு பாத்துக்கங்க.

நம்ம பக்கத்துக் கதையும் சாரட்டுல இருந்து தான் கிளம்புது. மெட்ராஸ் மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840ல ஆரம்பிச்சது, குதிரை வண்டி கட்டற கம்பெனியா. அதே பட்டறையில சாமுவேல் ஜான் கிரீன்கறவர் 1903ல ஒரு நீராவிக் கார் செஞ்சார். இந்தியாவுல செஞ்ச முதல் நீராவிக் கார்னு அதைச் சொல்வாங்க. சாரட்டுக்கு மரமும் இரும்பும் சேத்தவங்களுக்கு அந்த வண்டிக்கு மேல்கூடு கட்டறது புதுசா இருந்திருக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெர்மனிக்காரர் காட்லீப் டைம்லர் கதை. 1882ல கான்ஸ்டாட்ல ஒரு பெரிய வீடு வாங்கி, தோட்டத்துல இருந்த கண்ணாடிக் கூடத்தைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி பட்டறை ஆக்கினார். அவரும் வில்ஹெல்ம் மேபாக்கும் கதவைச் சாத்திக்கிட்டு ராப்பகலா உள்ள தட்டறாங்க. தோட்டக்காரருக்குச் சந்தேகம், இவங்க கள்ளப்பணம் அடிக்கறாங்கன்னு! போலீஸ்ல சொல்லிட்டார். அவர்கிட்ட இருந்த சாவியை வாங்கித் திறந்து பாத்தா, உள்ள வெறும் இரும்புச் சாமானும் இஞ்சின் துண்டுகளும். 1885ல அங்க இருந்து வெளிய வந்த இஞ்சின், உலகத்தையே ஓட்டுச்சு. எங்க பெரியப்பாவும் அந்தத் தோட்டக்காரர் கட்சி தான்னு தோணுது.

ஹென்றி ஃபோர்டு இதுல நமக்கு ஒரு கட்டடப் பாடமே நடத்திட்டார். டெட்ராய்ட்ல பாக்லி அவென்யூ 58ம் நம்பர் வாடகை வீடு. பின்னாடி செங்கல்ல ஒரு சின்னக் கொட்டகை, அதுல பகல் வேலை முடிஞ்ச பிறகு ராத்திரி ராத்திரியா நாலு சைக்கிள் சக்கரம் வச்ச ஒரு வண்டி செய்யறார். 1896 ஜூன் 4, விடியறதுக்கு முன்னாடி வண்டி தயார். தள்ளிப் பாத்தா கதவு வழியா வரலை! கோடாலியை எடுத்து வாடகை வீட்டு செங்கல் சுவத்தை இடிச்சு வண்டியை வெளிய கொண்டு வந்தார். அத்தனை பெரிய மூளைக்கு வாசல் அகலம் தோணலை பாருங்க. இன்னொரு கூத்து: அந்தக் கொட்டகை இருந்த இடத்துல 1926ல மிச்சிகன் தியேட்டர்னு ஒரு பிரம்மாண்டமான கொட்டகை (சினிமாக் கொட்டகைங்க) வந்துச்சு. 1970கள்ல அது நொடிச்சுப் போய், உள்ள இருந்ததைப் பேத்துட்டு அதை கார் நிறுத்தற இடமா மாத்திட்டாங்க. கூரையில இருக்கற சித்திர வேலைப்பாட்டுக்குக் கீழ கார் நிக்கற படங்கள் கிடைக்கும், தேடிப் பாருங்க.

கலிபோர்னியாவுல பாலோ ஆல்டோ, அடிசன் அவென்யூ 367. அங்கயும் வீட்டுக்குப் பின்னாடி தனியா நிக்கற 12க்கு 18 அடி மரக்கொட்டகை. 1938ல ஹியூலெட்டும் பாக்கர்டும் அதுக்குள்ள நுழைஞ்சாங்க, கையில 538 டாலர். 1939ல கம்பெனி. சிலிக்கான் பள்ளத்தாக்கு பிறந்த இடம்னு கலிபோர்னியா அரசு அதை நினைவுச் சின்னமா அறிவிச்சது. எங்க கொட்டகை அதை விட ரெண்டடி நீளம் அதிகம். இதையும் பெரியப்பாகிட்ட சொன்னேன். "கம்பெனி எப்படா வரும்?"னு கேட்டார்.

ஜி.டி.நாயுடு இல்லாம இந்தப் பதிவு எப்படி முடியும்? 1920ல அவர் ஒரே ஒரு பஸ்ஸோட ஆரம்பிச்சது பொள்ளாச்சி - பழனி வழித்தடம். பழனி அன்னைக்கு மதுரை ஜில்லா, 1985ல இருந்து எங்க திண்டுக்கல் மாவட்டம், அதனால அந்தப் பஸ்ஸுல பாதி எங்களுக்கும் சொந்தம். பஸ்ஸுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்ததைப் பாத்து ஆசைப்பட்டு, கோயமுத்தூர்ல ஹோட்டல்ல வேலை பாத்துக் காசு சேத்து, ஒன்னு வாங்கி, வாங்கினதைப் பிரிச்சு மாட்டித் தான் படிச்சார். பஸ் ஒன்னு பலவாகி யு.எம்.எஸ். ஆச்சு. பழுது பாக்கற பட்டறை தான் பின்னாடி அவரோட சவரக்கத்திக்கும் இன்னும் என்னென்னவோ கருவிகளுக்கும் தொட்டில்.

மதுரை டி.வி.எஸ். கதையும் அப்படித்தான். டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்ட ஆரம்பிச்சவர். ரெண்டாம் உலகப் போர்ல பெட்ரோல் கிடைக்காம வண்டி எல்லாம் நின்னப்போ, கரியை எரிச்சு வர்ற வாயுவுல இஞ்சின் ஓடற கருவியை அந்தப் பட்டறைகள்ல செஞ்சாங்க. பஸ்ஸுக்குப் பின்னாடி அடுப்பு மாதிரி உருளை தொங்கிட்டு வரும், கிளப்பறதுக்கு முன்னாடி விசிறியைச் சுத்தணும். எங்க ஊர்ப் பெருசுங்க 'கரி பஸ்'னு இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்க.

இவ்வளவும் படிச்சிட்டு திரும்ப எங்க கொட்டகைக்கு வந்தா, கேள்வி மாறிப் போச்சு. இடிக்கலாமாங்கறது போய், பழசுல எதை மாத்தணும்கறது வந்துருச்சு.

வாசல் எட்டடி இருக்கு, ஃபோர்டு மாதிரி கோடாலி தேவைப்படாது. 12 அடி அகலத்துல அஞ்சரை அடி காரை நடுவுல விட்டா ரெண்டு பக்கமும் மூணேகால் அடி, கதவைத் தாராளமாத் திறக்கலாம். தரையில குழி வெட்டி காருக்குக் கீழ நின்னு வேலை பாக்கலாம்னு ஒரு ஆசை இருந்துச்சு. பழைய மோட்டார் ஹவுஸ்கள்ல எல்லாம் குழி உண்டு. ஆனா பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், கீழ இறங்கிக் குழியில தேங்கும், ஒரு பொறி போதும். குழி வேண்டாம். அதே காரணத்துக்காகச் சுவத்துக்கு அடியில, தரையை ஒட்டி நாலு துளை விடணும். மேல ஜன்னல் மட்டும் வச்சா அந்த ஆவி போகாது. கதவைச் சாத்திட்டு இஞ்சினை ஓட விடற பழக்கம் அப்பாவுக்கு உண்டு, அதுவும் இனிமே கூடாது. மேல பரண்ல ஆள் இருப்பான், புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பரணுக்குக் கீழ்ப்பக்கம் இடுக்கில்லாம அடைச்சாகணும். பத்தவைக்கற வேலை (ஈயம் வச்சு சால்டரிங் தவிர) எல்லாம் வெளியில, வேப்பமரத்தடியில.

கனம் இன்னொரு பிரச்சினை. குடியிருக்கற அறைக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கணும்னு கணக்கு. மரம் காயப்போட்ட பரண் அதுக்குக் கட்டினது இல்லை. பழைய ஆசாரியோட பேரன், அவரும் இப்போ அறுபதைத் தாண்டிட்டார், வந்து பாத்தார். விட்டத்துல சுத்தியலால தட்டிக்கிட்டே போனார். கிழக்கு விட்டம் கணீர்னு சொல்லுது. மேக்கு விட்டம் சுவத்துக்குள்ள போற முனையில பொத்பொத்துங்குது. கரையான். "இத மட்டும் மாத்திட்டு, நடுவுல இன்னும் ரெண்டு விட்டம் குடுத்தா நீங்க குடும்பத்தோட ஏறி ஆடலாம் தம்பி. ஆனா கனமான மிஷினை மேல ஏத்தாதீங்க, அதிரும்"ன்னார். அவர் சொன்ன செலவு கொத்தனார் கான்கிரீட் கணக்குல பாதிக்கும் கம்மி.

சூட்டுக்கு வழி இன்னும் முழுசாத் தெரியலை. சித்திரை வெயில்ல மத்தியானம் அந்தப் பரண்ல உக்காந்தா நானும் கருவேலம் மாதிரி காஞ்சிருவேன். ஓட்டுக்குக் கீழ இன்னொரு அடுக்கு தட்டை ஓடு போட்டு, முகட்டுல சூடு வெளிய போக வழி விடணும். அப்படியும் மத்தியானம் வேலை ஆகாது, காலையும் ராத்திரியும் தான்.

கடைசியா பெரியப்பா. அவரோட எதிர்ப்புக்கு ஒரு காரணம் இருந்திருக்கு, அதை நான் தான் கேக்கலை. 1977 வெள்ளம். குடகனாறு பெருகி, அழகாபுரி அணை உடைஞ்ச வருஷம். கொட்டகைக்குள்ள இடுப்பளவு தண்ணி, வண்டி மிதந்து சுவத்துல மோதி அச்சு முறிஞ்சு போச்சாம். தாத்தா அதுக்கப்புறம் வண்டியே வாங்கலை. காளைகளை வித்துட்டார். மிச்சம் இருந்த ஒரு சக்கரத்தை ரெண்டு பேர் தூக்கிப் பரண்ல போட்டாங்க. அதை இடத்தை விட்டு நகத்தறதுல தான் அவருக்குச் சங்கடம். இடிச்சிட்டா அது எங்க போகும்னு அவர் யாருகிட்டயும் கேக்கலை. கொத்தனார் பக்கம் பேசினதே, நான் மேல ஏறி அதையெல்லாம் கிளறக் கூடாதுன்னு தான்.

நேத்து சாயங்காலம் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு கீழ நின்னார். நான் மேல ஏறி தூசி தட்டினேன். பன்னெண்டு ஆரக்கால், பட்டா துருப்பிடிச்சிருக்கு, ஆனா ஒரு ஆரக்கால் கூட ஆடலை. "எவ்ளோ இடம் பிடிக்குது?"ன்னு கீழ இருந்து கேட்டார். அஞ்சடின்னு சொன்னேன். "வடக்குச் சுவத்துல சாத்தி வைச்சிரு. உன் ரேடியோவெல்லாம் தெக்கால வச்சுக்க"ன்னார்.

அடுத்த வாரம் ஓடு இறக்கறோம். ஏணியா, படியாங்கறது மட்டும் பாக்கி. படி வச்சா காருக்கு இருக்கற மூணேகால் அடியில ஒரு பக்கம் போயிரும். வெளிப்பக்கச் சுவத்துல கல்படி வைக்கலாம்னு ஆசாரி சொல்றார். உங்க ஊர்ப் பக்கம் வண்டிக்கொட்டகைப் பரணுக்கு எப்படி ஏறுவாங்க, அதுக்கு என்ன பேரு சொல்வாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே.